வீணாகும் புகையும் பந்தயக் காரும்

எஞ்சினுக்கு உணவு இரண்டு: எண்ணெயும் காற்றும். எண்ணெயை வேண்டிய மட்டும் ஊட்டலாம். அதனை எரிக்கப் போதிய காற்றைச் சிலிண்டருக்குள் புகுத்துவதே அரிது. எரிந்தபின் வெளியேறும் புகையோடு, எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பமாக வீணே போய்விடுகிறது. அப்புகையாலேயே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் கோத்த மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் முறைக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியியலார் ஆல்பிரெட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்றார். டர்போ எனப்படுவது இதுவே. 1925-இல் கப்பல் டீசல் எஞ்சினொன்றில் இதனைப் பொருத்தியபோது 1750 குதிரைத்திறன் 2500 ஆயிற்று. நம்மில் பலரைப் பல்லாண்டு ஊருக்குக் கொண்டு சேர்த்த டபிள்யூ.டி.எம்.-2 ரயில் எஞ்சின் 2600 குதிரைத்திறன் தந்ததும் இதன் துணையாலேயே.

கப்பலுக்கும் ரயிலுக்கும் எளிதில் இணங்கிய கருவி காருக்கு இணங்க மறுத்தது. நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓடுவது கப்பல். பந்தயக் காரோட்டியோ வளைவுதோறும் காலை எடுத்து மீண்டும் மிதிக்கிறான். அதற்குள் புகை குன்றி, சக்கரம் தளர்ந்துவிடும். மிதித்த சில கணங்கள் கழித்தே வலு வரும். அன்றியும், அமுக்கிய காற்று சூடேறுவதால் பெட்ரோல் காலந்தவறி வெடித்து எஞ்சினைச் சிதைக்கும். 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் இதற்கு ஒரு மாற்றுச் செய்தது. தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை உள்ளே தெளித்து, 3.5 லிட்டர் எஞ்சினில் 215 குதிரைத்திறன் பெற்றார்கள். ஆனால், அத்திரவத்தை நிரப்ப உரிமையாளர் பலர் மறந்தனர். எண்ணெய் போடவே மறக்கும் மனிதர் தண்ணீரை நினைப்பரோ? 1963-க்குப் பின் அக்கார் தயாரிக்கப்படவில்லை.

போர்ஷே நிறுவனத்தார் பந்தயக் களத்தில் கற்றதைச் சாலைக்குக் கொணர்ந்தனர். அவர்கள் 1974-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்த 911 டர்போ 260 குதிரைத்திறன் உடையது. அமுக்கம் மிகுந்தால் புகையைத் திருப்பிவிடும் ஒரு வால்வு அதில் காவலிருந்தது. 1978-இல் அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் கருவியும் சேர, எஞ்சினும் 3.3 லிட்டராகப் பெருக, திறன் 300 ஆயிற்று.

ஆயினும் உண்மையான சோதனை பிரான்ஸின் ரெனோ நிறுவனத்துக்கே நேர்ந்தது. அன்றைய பார்முலா ஒன்று பந்தய விதிப்படி சாதாரண எஞ்சின் 3 லிட்டர் இருக்கலாமென்று இருந்தது. காற்றை அமுக்கும் எஞ்சினுக்கோ 1.5 லிட்டரே அளவாக இருந்தது. பாதி அளவு எஞ்சினோடு 1977 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் களத்தில் இறங்கிய ரெனோ, டர்போ பழுதாகி நடுவழியில் நின்றது. அடிக்கடி புகை கக்கி நின்ற அம்மஞ்சள் காரை ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்று எள்ளினர். ரெனோ பொறியியலார் கைவிடவில்லை. பெரிய டர்போ ஒன்றுக்குப் பதில் சிறியன இரண்டை வைத்தனர். சிறு சக்கரம் விரைவில் சுழலுமன்றோ? 1979 ஜூலை 1-ஆம் நாள் பிரான்ஸின் டீஜோன் களத்தில் ழான்-பியேர் ழபூய் அக்காரை ஓட்டி முதலிடம் பெற்றார். டர்போ கார் பார்முலா ஒன்றில் வென்றது அதுவே முதன்முறை. எள்ளியவர்களும் சில ஆண்டுகளில் டர்போவையே நாடினர்.

வலு வரம்பு மீறியதென்று 1989-இல் அப்பந்தயத்தில் டர்போ விலக்கப்பட்டது. 2014-இல் 1.6 லிட்டர் எஞ்சினோடு மீண்டு வந்தபோது டர்போவின் அச்சில் ஒரு மின்மோட்டாரும் கோக்கப்பட்டிருந்தது. புகைக்குக் காத்திராமல் சக்கரத்தைச் சுழற்றி வைப்பதும், மிகுந்த புகையிலிருந்து மின்சாரம் எடுப்பதும் அதன் பணிகளாக இருந்தன.