சாத்தம் கவாத்து மண்டபமும் அதன் கண்ணாடிக் கூரையும்

பழைய கட்டடங்கள் பத்தி எழுதி ரொம்ப நாளாச்சு. கோயில், கோட்டை, அரண்மனைன்னா எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. சாதாரண மாலுமி படுத்துத் தூங்கின இடத்தைப் பத்தி எழுத யாரு இருக்கா? அதனால இன்னிக்கு ஒரு பாரக்ஸ். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றங்கரையில் இருக்கிற சாத்தம் கடற்படை பாரக்ஸ். (அரசியல் பேசுறவங்க அடிக்கடி சொல்ற 'சாத்தம் ஹவுஸ்' லண்டனில் இருக்கிற வேற வீடு. குழப்பிக்க வேண்டாம்.)

சாத்தம் கப்பல் கட்டும் தளம் சாதாரணப்பட்டது இல்லை. நெல்சனின் 'விக்டரி' கப்பல் 1765-ல் தண்ணீரில் இறங்கினது இங்கேதான். ஆனா இவ்வளவு பெரிய தளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வரைக்கும் மாலுமிகள் தங்க ஒரு ஒழுங்கான கட்டடம் கிடையாது! காரணம் எளிது. அந்தக் காலத்தில் மாலுமியை ஒரு கப்பலுக்குத்தான் வேலைக்கு எடுப்பாங்க. பயணம் முடிஞ்சா கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. அடுத்த கப்பல் வரைக்கும் அவன் எங்கே படுத்தா யாருக்கென்ன? நம்ம ஊர் ஒப்பந்தத் தொழிலாளி மாதிரி.

1853-ல்தான் தொடர்ச்சியான பணி என்கிற முறை வந்தது. வருஷக்கணக்கில் சம்பளம் கொடுத்து வச்சுக்கிற ஆளுக்கு, ரெண்டு கப்பலுக்கு நடுவில் தங்க இடம் வேணுமே? அதுக்கும் கஞ்சத்தனமா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஓடி ஓய்ந்த பழைய மரக்கப்பல்களின் பாய்மரத்தைக் கழட்டிட்டு, கரையோரம் கட்டிப்போட்டு, அதுக்குள்ள ஆளுங்களை அடைச்சாங்க. ஈரம், இருட்டு, நெரிசல். இதே மெட்வே ஆற்றில் ஒரு காலத்தில் கைதிகளை அடைச்சு வச்சதும் இப்படிப்பட்ட கப்பல்களில்தான். சின்ன வயசில் சாத்தத்தில் வளர்ந்த சார்லஸ் டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் அந்தக் கப்பல்களைக் கொண்டு வந்திருப்பார்.

கைதின்னு சொன்னதும் இன்னொண்ணு. 1850களில் கட்டின ஒரு சிறைச்சாலை தளத்தை ஒட்டியே இருந்தது. 1860களில் ஆரம்பிச்ச தளத்தின் பிரம்மாண்ட விரிவாக்கத்தில், மூன்று பெரிய நீர்த்தேக்கங்கள் தோண்ட உழைச்சவங்களில் பெரும்பகுதி அந்தச் சிறைக் கைதிகள். வேலை முடிஞ்சது, சிறையும் மூடினாங்க. அந்த இடத்தில்தான் பாரக்ஸ் எழுந்தது.

1897-ல், விக்டோரியா ராணியின் அறுபதாம் ஆண்டு விழா நடந்த அதே வருஷம், வேலை தொடங்கியது. வடிவமைச்சவர் ராணுவப் பொறியாளர் ஹென்றி பில்கிங்டன். 1902-ல் முடிஞ்சப்போ ராணி உயிரோடு இல்லை. ஆனா கட்டடம் அச்சு அசல் விக்டோரியா காலத்துப் பிள்ளைதான். சிவப்புச் செங்கல், மூலைகளிலும் ஜன்னல்களைச் சுத்தியும் வெள்ளைக் கல் அலங்காரம். நீளநீளமான தங்கும் விடுதிகள், எல்லாத்திலும் உயரமான ஜன்னல்கள், காற்று, வெளிச்சம். நீச்சல் குளம்கூட உண்டு. ப்ளேக், ஹாக், நெல்சன்னு பழைய தளபதிகளின் பெயர்களும் கட்டடங்களுக்கு வந்தன. 1903 ஏப்ரலில் சுமார் 5,000 பேர் பழைய கப்பல்களை விட்டு இங்கே குடி வந்தாங்க. அரை நூற்றாண்டு கழிச்சுக் கிடைச்ச மரியாதை.

கவாத்து மைதானத்தின் ஓரத்தில் இருக்கு ட்ரில் ஹால், அதாவது கவாத்து மண்டபம். இங்கிலாந்து மழை தெரிஞ்சதுதானே. மழையிலும் பயிற்சி நடக்கணும்னு கட்டின, நடுவில் தடுப்பே இல்லாத நீளமான கூடம். மேலே இரும்புச் சட்டங்கள், அதில் வரிசையாகக் கண்ணாடி. இருட்டுக் கப்பலிலிருந்து வந்தவனுக்குத் தலைக்கு மேல வானமே தெரியும். இந்த பாரக்ஸிலேயே எனக்குப் பிடிச்ச கட்டடம் இதுதான். அதனாலதான் அடுத்து வர்றதை எழுதக் கை கூசுது.

1917. முதல் உலகப்போர். பாரக்ஸ் நிரம்பி வழியுது. மூளைக்காய்ச்சல் வேற பரவினதால படுக்கைகளை நெருக்கிப் போட முடியலை. ஜூலை 9-ல் ஸ்காப்பா ஃப்ளோவில் 'வேன்கார்ட்' போர்க்கப்பல் வெடிச்சுச் சிதறி 800க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அந்தக் கப்பலில் சேர வேண்டியிருந்தவங்களில் ஒரு பகுதியினர் சாத்தத்திலேயே தங்கிட்டாங்க. தப்பிச்சோம்னு நினைச்சிருப்பாங்க இல்லையா? எங்கே படுக்க வைக்கிறது? இருக்கவே இருக்கு கவாத்து மண்டபம். கிட்டத்தட்ட 900 பேர் அங்கே தூங்கினாங்க.

அதுவரை ஜெர்மனியின் கோத்தா விமானங்கள் பகலில்தான் வந்துட்டிருந்தது. அந்த ஆகஸ்டில் நிறைய விமானங்களை இழந்ததும் இரவுக்கு மாறினாங்க. முதல் இரவுத் தாக்குதல் செப்டம்பர் 3. நல்ல நிலா. சாத்தத்தில் அன்னிக்குச் சாயந்திரம்தான் ஒரு ஒத்திகை நடந்திருந்தது. நிஜமாகவே விமானம் வந்தப்போ, அதுவும் ஒத்திகைதான்னு நினைச்சவங்க உண்டு. ஊரில் விளக்குகள் எரிஞ்சுட்டிருந்தன.

குண்டு கூரைமேல் விழுந்து வெடித்தது. வெடிப்பில் இறந்தவங்க ஒரு பக்கம். அத்தனை கண்ணாடியும் கத்திகளாக உடைஞ்சு, கீழே தூங்கிட்டிருந்தவங்க மேல மழையாக விழுந்தது. 130க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. நிறைய பேர் முதல் கப்பலையே பார்க்காத பையன்கள். கடிகாரம் 11.12-ல் நின்னு போச்சு.

வடிவமைச்சவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. 1897-ல் ஆகாய விமானமே கிடையாது. ரைட் சகோதரர்கள் பறந்தது, இந்த பாரக்ஸ் திறந்த அதே 1903-ன் டிசம்பரில். ஆனா 1917-ல் அங்கே படுக்கை போடச் சொன்னவங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஜூன் மாசம்தான் கோத்தாக்கள் லண்டனில் 162 பேரைக் கொன்னிருந்தன. அதுக்கு அப்புறமும் கண்ணாடிக்குக் கீழே 900 பேர்!

செப்டம்பர் 6-ல் 98 பேரைப் பக்கத்து ஊரான கில்லிங்கத்தின் உட்லேண்ட்ஸ் கல்லறையில் மொத்தமாக அடக்கம் செய்தாங்க. தெருவின் ரெண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் ஜனம். மத்தவங்களை அவங்கவங்க ஊருக்குக் குடும்பத்தார் எடுத்துட்டுப் போனாங்க.

மண்டபத்தைப் பழுது பார்த்து அறுபது வருஷத்துக்கு மேல கடற்படை உபயோகிச்சது. 1984-ல் தளமும் பாரக்ஸும் மூடப்பட்டன. இடிச்சுத் தள்ளாம வச்சிருந்தது பெரிய விஷயம். பிறகு பல்கலைக்கழகங்கள் வந்தன, கவாத்து மண்டபம் நூலகமாச்சு. ஐரோப்பாவிலேயே நீளமான நூலகம்னு சொல்லிக்கிறாங்க. இரும்புச் சட்டங்கள் அப்படியே தலைக்கு மேல தெரியுது.

கொசுறு: பாரக்ஸுக்கு அதிகாரப்பூர்வப் பெயர் 'எச்.எம்.எஸ். பெம்புரோக்'. அதாவது கப்பல்! மாலுமின்னா ஏதாவது ஒரு கப்பலின் பேரேட்டில் பெயர் இருக்கணும்கிறது சட்டம். அதனால செங்கல் கட்டடத்தையும் கப்பல்னே பதிஞ்சாங்க. தரைக்குப் பேர் 'டெக்'. கேட்டைத் தாண்டி டீ குடிக்கப் போனாலும் 'கரைக்குப் போறேன்'னுதான் சொல்லணுமாம் :-)