பெற்றோரின் கோபமும் பிள்ளையின் நினைவும்: ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவையில் ஒரு மாற்றம்

அமெரிக்காவின் எஃப்எக்ஸ் அலைவரிசையில் 2020 மார்ச் 2ஆம் தேதி 'ப்ரீடர்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. நடிகர் மார்ட்டின் ஃப்ரீமன், கிறிஸ் ஆடிசன், சைமன் பிளாக்வெல் ஆகிய மூவர் உருவாக்கிய இத்தொடர் லண்டனில் வாழும் ஒரு தம்பதியையும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் பற்றியது. தொடக்கக் காட்சியில் தந்தை பால் வொர்ஸ்லி வீட்டில் வேலையில் இருக்கிறார். மாடியில் பிள்ளைகள் கூச்சலிடுகிறார்கள். கோபப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே படியேறுகிறார். கதவைத் திறந்த மாத்திரத்தில் அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் அச்சில் ஏற்ற முடியாத வசை. இப்படிப்பட்ட காட்சிகளைப் பார்ப்பவர்கள், பழைய தொடர்கள் மூடிவைத்த உண்மையைப் புதிய தொடர்கள் துணிந்து சொல்கின்றன என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவார்கள். அந்த முடிவு பாதிதான் சரி. பெற்றோர் கோபப்படுவதைத் தொலைக்காட்சி வெகுகாலமாகவே காட்டிவந்திருக்கிறது. அந்தக் கோபத்தின் விளைவை அடுத்த வாரத்துக்குக் கொண்டுசெல்லும் வழிதான் அதனிடம் இல்லை. எனவே இந்த வகைத் தொடர்களின் வரலாற்றில் உண்மையாக மாறியது பேச்சின் துணிச்சலைவிடக் கதையின் நினைவாற்றல் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்க காலத்தில் குழந்தை பிறப்பது ஒரு நிகழ்ச்சியாகவே காட்டப்பட்டது. குழந்தை வளர்ப்பு என்ற உழைப்பு திரைக்கு வரவில்லை. 'ஐ லவ் லூசி' தொடரில் லூசிக்கு மகன் பிறக்கும் எபிசோடு 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பானது, ஏறத்தாழ 4.4 கோடி பேர் பார்த்தார்கள். கர்ப்பம் என்ற சொல்லைக்கூடச் சொல்லவிடாத சிபிஎஸ் நிறுவனம், கிறிஸ்தவ, யூத மதகுருமார்களிடம் வசனத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கியிருந்தது. இத்தனை ஆரவாரத்தோடு பிறந்த பிள்ளை அதன் பிறகு கதையின் ஓரத்துக்குப் போய்விட்டது. லூசி புதிய குறும்பு ஒன்றில் இறங்கும் போதெல்லாம் அண்டைவீட்டு திருமதி டிரம்புல் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்துவிடுவார். இரவு விழிப்போ அலுப்போ எரிச்சலோ கதைக்குள் இடம்பிடிக்கவில்லை.

அதே பத்தாண்டில் வந்த 'ஃபாதர் நோஸ் பெஸ்ட்' நம் வாதத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று. பெயரைக் கேட்டதுமே, தவறே செய்யாத புன்னகைத் தந்தை நினைவுக்கு வருகிறார். ஆனால் 1949இல் இது வானொலித் தொடராகத் தொடங்கியபோது தலைப்பின் இறுதியில் ஒரு கேள்விக்குறி இருந்தது. ராபர்ட் யங் குரல் கொடுத்த அந்த வானொலித் தந்தை பிள்ளைகளிடம் சிடுசிடுப்பார். கேலியும் ஏச்சும் தாராளமாக வரும். 1954இல் அதே யங் அதே பாத்திரத்தோடு தொலைக்காட்சிக்கு வந்தபோது கேள்விக்குறியும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை. கோபக்காரத் தந்தையை அன்றைய எழுத்தாளர்கள் அறியாமல் இல்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு பாத்திரத்திலிருந்து அந்தக் குணம் கழிக்கப்பட்டிருக்கிறது. வெளிப்படைத்தன்மை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே வந்தது என்ற நேர்கோட்டுச் சித்திரம் இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே ஆட்டம் காண்கிறது.

கழிக்கப்பட்டதற்குக் காரணம் தேடுவோர் அன்றைய ஒழுக்க நெறியை மட்டும் சுட்டுவது வழக்கம். விற்பனை முறையையும் பார்க்க வேண்டும். அமெரிக்க நகைச்சுவைத் தொடர் (சிட்காம்) ஒன்று பெரும் லாபம் ஈட்டிவந்தது முதல் ஒளிபரப்பில் அல்ல. உள்ளூர் நிலையங்களுக்கு மறு ஒளிபரப்பு உரிமையை விற்பதில்தான். அதற்கு நூறு எபிசோடுகளாவது சேர வேண்டும் என்பது அந்தத் தொழிலில் நெடுங்காலம் இருந்த கணக்கு. உள்ளூர் நிலையம் அவற்றை எந்த வரிசையிலும் போடலாம், எந்தப் பார்வையாளரும் எந்த நாளிலும் வந்து உட்காரலாம். ஆகவே ஒவ்வொரு எபிசோடும் தனித்து நிற்க வேண்டும். தொடங்கிய இடத்துக்கே குடும்பம் திரும்பி வர வேண்டும். முப்பது நிமிட இடைவெளியில் எழும் சண்டை அதற்குள்ளேயே தீர்ந்தாக வேண்டிய இந்த அமைப்பில், பெற்றோர் செய்யும் எந்தத் தவறும் வாரக் கடைசியில் தானாகவே தள்ளுபடியாகிவிடும். பிள்ளை மன்னித்ததாகக் காட்ட வேண்டிய தேவைகூட இல்லை. அடுத்த வாரம் அவன் மறந்திருப்பான்.

மறதிக்குத் துணையாக இன்னொன்றும் இருந்தது: அரங்கில் அமர்ந்திருந்த பார்வையாளர் கூட்டம். 1984 செப்டம்பரில் ஒளிபரப்பான 'தி காஸ்பி ஷோ'வின் முதல் எபிசோடு இதற்குத் தெளிவான சான்று. தேர்வில் மோசமான மதிப்பெண் வாங்கிய மகன் தியோ, தான் சாதாரண மனிதனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், மகன் என்பதற்காகவே தன்னை ஏற்றுக்கொள்ளக் கூடாதா என்று தந்தையிடம் உருக்கமாகக் கேட்கிறான். அரங்கம் கைதட்டுகிறது. பழைய குடும்பத் தொடர்களில் பழகிய பார்வையாளருக்கு, தந்தை கண்கலங்கி மகனைத் தழுவிக்கொள்ளும் இடம் இது. ஆனால் தந்தை, இதைவிட முட்டாள்தனமான பேச்சைத் தான் கேட்டதே இல்லை என்று வெடிக்கிறார். உடனே சிரிப்பும் கைதட்டலும் முன்பைவிடப் பலமாக எழுகின்றன. சில நொடிகளுக்கு முன் மகன் பக்கம் நின்ற அதே கூட்டம் தந்தை பக்கம் தாவிவிடுகிறது. கறுப்பினக் குடும்பமொன்றில் படிப்பின் அருமை தெரிந்த தந்தையின் பதற்றம் அது என்பதையும், அவர் கண்டிப்பு அன்பிலிருந்து வந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் சிரிப்பொலி அங்கே செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். பெற்றோரின் கடுஞ்சொல் சரியா என்ற கேள்வி பிள்ளையைச் சென்றடைவதற்குள் அரங்கமே தீர்ப்பு சொல்லி முடித்துவிடுகிறது. அரங்கம் இல்லாத தொடர்களில் பதிவுச் சிரிப்பு இதே பணியைச் செய்தது.

இதற்கு வலுவான மறுப்பு 'ரோசான்'. 1988இல் ஏபிசியில் தொடங்கிய இத்தொடர் இல்லினாய் மாநிலத்தின் லான்ஃபோர்டு என்ற கற்பனை ஊரில் வாழும் உழைக்கும் குடும்பத்தைப் பற்றியது. தாய் ரோசான் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். வீட்டில் சலிப்பை மறைப்பதே இல்லை. ஆறாவது சீசனில், காரை எடுத்துக்கொண்டு போன மகன் டிஜேயை அவள் அடித்துவிடும் எபிசோடு ஒன்று உண்டு. அடித்த கை தன் தந்தையின் கை என்று உணர்ந்து அவள் உடைந்துபோகிறாள். மகனிடம் மன்னிப்பும் கேட்கிறாள். அரங்கப் பார்வையாளர் முன் எடுக்கப்பட்ட தொடரே இதைச் செய்திருக்க, வடிவத்தின் மேல் பழிபோடுவது சரியா? இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். அந்தக் காலத் தொடர்களில் இதற்கு இணையாக என்னால் சொல்ல முடிந்தவை மிகச் சில. ஆனால் அந்த எபிசோடு எந்தத் திசையில் நினைவுகூர்கிறது என்று பார்த்தால் மறுப்பே சான்றாக மாறிவிடுகிறது. அங்கே நினைவு முழுவதும் ரோசானுக்கு உரியது. அவள் பிள்ளைப் பருவத்தில் பட்ட அடிதான் விசாரிக்கப்படுகிறது. டிஜே வாங்கிய அடி அந்த அரைமணி நேரத்தோடு முடிகிறது. பார்வையாளர் நேரில் காணாத கடந்தகாலத்தைச் சொல்ல அந்த வடிவத்தால் முடிந்தது. கண்முன் நடந்ததை எதிர்காலத்துக்கு எடுத்துச்செல்ல முடியவில்லை. 'தி சிம்ப்சன்ஸ்' இந்த எல்லையின் உச்சம்: 1989இலிருந்து மகன் பார்ட்டுக்கு வயது பத்து. தந்தை எத்தனை முறை கழுத்தை நெரித்தாலும் வளராத பிள்ளைக்குத் தழும்பு ஏற்படுவதில்லை.

2000ஆம் ஆண்டில் ஃபாக்ஸ் அலைவரிசையில் தொடங்கிய 'மால்கம் இன் தி மிடில்' சிரிப்பொலியை அடியோடு நீக்கியது. ஒற்றைக் கேமராவில் படமாக்கப்பட்டதால் தாய் லோயிஸ் கத்தும்போது தீர்ப்பு சொல்ல அரங்கம் இல்லை. அதற்குப் பதிலாக மால்கம் கேமராவைப் பார்த்து நம்மிடம் முறையிடுகிறான். இங்கே பிள்ளை சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டான் என்றே சொல்லலாம். மூத்தவன் பிரான்சிஸ் தன் தோல்வி ஒவ்வொன்றுக்கும் தாயைக் காரணம் காட்டுவதும் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. அப்படியானால் நினைவாற்றல் இங்கேயே வந்துவிட்டதா? வாசல் வரை வந்தது. 2006இல் வந்த இறுதி எபிசோடில் லோயிஸ் தன் கடுமைக்குக் காரணம் சொல்கிறாள்: மால்கம் ஒருநாள் நாட்டின் அதிபராக வேண்டும், தங்களைப் போன்ற ஏழைகளின் வலி தெரிந்த அதிபராக இருக்க வேண்டும், அதற்காகத்தான் அவன் இத்தனை துன்பப்பட வேண்டியிருக்கிறது என்கிறாள். ஏழு சீசன்களாகச் சேர்ந்த குற்றப்பட்டியல் ஒரே உரையில் முதலீடாக மாறிவிடுகிறது. உணர்ச்சிமிக்க காட்சிதான்; லோயிஸாக வரும் ஜேன் காஸ்மரெக்கின் நடிப்பும் அபாரம். என்றாலும் பிள்ளையின் நினைவு தாயின் திட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இங்கே சமூக வரலாற்றாளர் குறுக்கிடலாம். மாற்றத்துக்குக் காரணம் வடிவமல்ல, வீடே மாறிவிட்டது என்பார். அமெரிக்காவில் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய்மார்களில் உழைப்புச் சந்தையில் இருந்தவர்கள் 1975இல் 47 சதவீதம். 2000இல் அது 70 சதவீதத்தைத் தாண்டியது. வேலைக்குப் போகும் தாய், குழந்தைக் காப்பகச் செலவு, ஒத்தாசைக்கு ஆளில்லாத வீடு எல்லாம் சேர்ந்துதான் அலுப்பைத் திரைக்குக் கொண்டுவந்தன என்ற வாதத்தை ஏற்கிறேன். 2016இல் பிபிசியில் முன்னோட்டமாக வந்த 'மதர்லேண்ட்' அந்த அலுப்பிலேயே எழுதப்பட்ட தொடர். தாய் ஜூலியா பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அடித்துப்பிடித்துப் பள்ளிக்கு வருகிறாள். வந்த பிறகுதான் அது விடுமுறை வாரம் என்று தெரிகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவள் அம்மா மறுத்துவிட, கணவனோ பெரும்பாலும் தொலைபேசியில் கேட்கும் ஒரு குரல் மட்டும். திருமதி டிரம்புல் வராத வீடு எப்படி இருக்கும் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்ட முடியாது. ஆனால் சமூக மாற்றம் புதிய கதைப்பொருளைத்தான் தருகிறது. அதை எவ்வளவு காலம் நினைவில் வைக்கலாம் என்பதை வடிவம்தான் முடிவுசெய்கிறது. 'மதர்லேண்ட்' அசலான பிரச்சினையைச் சொன்னாலும் அதன் கண் தாய்மார்கள் மேல்தான். பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்றி இறக்க வேண்டிய பொறுப்புகளாகவே வந்துபோகிறார்கள்.

பிள்ளைக்குக் குரல் கொடுத்தது அதற்கு முந்தைய பிபிசி தொடரான 'அவுட்நம்பர்டு'. 2007இல் ஆண்டி ஹாமில்டனும் கை ஜென்கினும் தொடங்கிய இதில் பெரியவர்கள் எழுதிய வசனத்தை மனப்பாடம் செய்தார்கள். சிறுவர்களுக்கோ படப்பிடிப்புக்குச் சற்று முன்புதான் காட்சியின் சாரம் சொல்லப்பட்டது. மீதியை அவர்கள் தம் போக்கில் பேசினார்கள். இதனால் பெற்றோராக நடித்தவர்களே பல சமயம் பதில் தெரியாமல் திணறுவது திரையில் தெரிகிறது. இத்தொடர் 2014 வரை நீடித்ததால் பார்வையாளர் கண்ணெதிரே அந்தப் பிள்ளைகள் வளர்ந்தும் விட்டார்கள். நினைவாற்றலுக்கு வேண்டிய இரண்டு உறுப்புகள், அதாவது பிள்ளையின் சொந்தக் குரலும் ஓடும் காலமும், இங்கே கூடிவிட்டன. அவற்றை இணைக்கும் முயற்சி மட்டும் பாக்கியிருந்தது.

'ப்ரீடர்ஸ்' அதைத்தான் செய்தது. சீசனுக்குப் பத்து எபிசோடு வீதம் நான்கு சீசன்களாக, வரிசையாகப் பார்க்கப்படும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட தொடர் இது. முதல் சீசனின் கத்தலைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். இரண்டாவது சீசனில் கதை சில ஆண்டுகள் தாவுகிறது. நடிகர்களும் மாறி, மகன் லூக் 13 வயதுப் பையனாக வருகிறான். கடும் மனப்பதற்றத்தால் அவதிப்படுகிறான். தந்தையின் கோபம் அதைக் கிளறிவிடுவதாகக் காட்டப்படுகிறது. அந்தச் சீசனின் முடிவில் அவன் தந்தையை முஷ்டியால் குத்திவிடுகிறான். மூன்றாவது சீசன் தொடங்கும்போது வொர்ஸ்லி மாமியார் வீட்டில் தங்கியிருக்கிறார். மகன் நிம்மதியாக இருக்கத் தந்தை வெளியேற வேண்டியிருக்கிறது. முதல் காட்சியில் மாடிக் கதவருகே நாம் சிரித்த சிரிப்புக்குப் பல ஆண்டுகள் கழித்து விலை கேட்கப்படுகிறது. அந்த விலையில் பார்வையாளருக்கும் பங்கு உண்டு என்பதுதான் இந்த அமைப்பின் அருமை. வொர்ஸ்லி கொடியவராகவும் ஆக்கப்படவில்லை. பிள்ளைகளுக்காக உயிரையும் கொடுப்பார். அதே வாயால் அவர்களை நடுங்கவும் வைப்பார். லோயிஸுக்குக் கிடைத்த இறுதி உரை போன்ற ஒன்று அவருக்குக் கிடையாது. தன் கோபத்துக்கு அவரால் பயன் கற்பிக்க முடிவதில்லை.

இதெல்லாம் நகைச்சுவையா, நகைச்சுவையின் வேடத்தில் வந்த குடும்ப நாடகமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி, பிந்தைய சீசன்களில் சிரிப்பு அருகிப்போவது உண்மை. ஆனால் சிரிப்பின் அடர்த்தியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், மறதியையே அந்த வகையின் இலக்கணமாக ஏற்றுக்கொண்டவர்கள் ஆவோம். மறதி விற்பனை முறை விதித்த நிபந்தனை என்பதை மேலே கண்டோம். தொடர்களை வரிசையாகப் பார்க்கும் வழக்கம் வந்து அந்த நிபந்தனை தளர்ந்த பிறகும் மறதியை இலக்கணமாகக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

எனக்கு உள்ள குறை வேறு. கட்டணம் கட்ட முடியாமல் மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீடு ரோசானின் வீடு. மாதச் சம்பளம் போதாமல் லோயிஸ் மருந்துக்கடையில் வேலைக்கு நின்ற நேரமும் அவள் கத்தலுக்கு ஒரு காரணம். 'ப்ரீடர்ஸ்' குடும்பத்துக்கு லண்டனில் வசதியான வீடு இருக்கிறது. கோபம் பெரும்பாலும் குணத்திலிருந்து வருகிறது, பணமுடையிலிருந்து அல்ல. நினைவாற்றல் வந்த இடத்தில் வர்க்கம் பின்னுக்குப் போய்விட்டது, இது சிறிய இழப்பல்ல. இந்தத் துறையில் ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் ஒரு தொடர் எவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிறது என்று அளப்பதோடு நின்றுவிடக் கூடாது. திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த எபிசோடில் என்ன ஆனான், திட்டியவரின் வீட்டில் அந்த மாத வரவுசெலவு எப்படி இருந்தது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்தே ஒவ்வொரு தொடரிடமும் கேளுங்கள்.