சலமடைப்புக்கு மூலிகையா, மாத்திரையா? திருகோணமலையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

வயதோடு புரொஸ்டேட் சுரப்பி பெருத்துச் சலப்பாதையை நெருக்கும்போது, திருகோணமலை முதியவருக்கு இரண்டு வழிகள் உள்ளன: சித்த வைத்தியரின் குடிநீர், வைத்தியசாலையின் மாத்திரை. எது மேல் என்ற வாதத்தில் பெரும்பாலும் ஒரே சான்றுதான் எடுத்துக்காட்டப்படுகிறது: "இப்ப சலம் லேசாப் போகுது." அந்தச் சான்று போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 3,047 ஆண்களைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் கவனித்தது. சலப்பைக் கழுத்தின் தசையைத் தளர்த்தும் டொக்சசோசின், நோய் முற்றும் அபாயத்தை 39 சதவீதம் குறைத்தது. சுரப்பியைச் சுருக்கும் பினாஸ்டரைடு 34 சதவீதம். இரண்டும் சேர்ந்து 66 சதவீதம். ஆயினும் டொக்சசோசின் மட்டும் எடுத்தவர்களில், சலம் முற்றாக அடைபடுவதோ சத்திரசிகிச்சைத் தேவையோ நீண்டகாலத்தில் குறையவில்லை. அறிகுறி தணிவது வேறு, அடைப்பு தவிர்க்கப்படுவது வேறு.

மாத்திரைக்கும் விலை உண்டு. தசை தளர்த்தும் மருந்து எழும்பும்போது தலைச்சுற்றைத் தரலாம். விடியமுன் படகேறும் மீனவருக்கு அது சிறிய விடயமல்ல. பினாஸ்டரைடு பலன் தர ஆறு மாதம் செல்லலாம். பாலுறவு நாட்டத்தைக் குறைக்கலாம். புற்றுநோயைக் கண்டறிய உதவும் பீ.எஸ்.ஏ. அளவையும் ஏறத்தாழப் பாதியாக்கும்.

மேலைநாட்டு மூலிகைகளில் பெயர்பெற்றது சோ பால்மெட்டோ. 2006இல் 225 பேரிடமும், 2011இல் மும்மடங்கு அளவுவரை உயர்த்தி 369 பேரிடமும் அது சோதிக்கப்பட்டது. இரண்டிலும் வெற்றுமாத்திரையை அது விஞ்சவில்லை. வெற்றுமாத்திரை எடுத்தவர்களும் ஓரளவு சுகம் கண்டனர். இந்நோயின் அறிகுறிகள் தாமாகவே ஏறி இறங்குபவை. ஆகவே ஒருவர் பெற்ற சுகத்தைக் கொண்டு மருந்தின் வலிமையை நிறுவ இயலாது.

இத்தீர்ப்பைச் சித்த வைத்தியத்தின் நெருஞ்சில், சிறுபீளை, மாவிலங்கம் ஆகியவற்றின்மேல் ஏற்றுவது நீதியாகாது. அவை வேறு தாவரங்கள். ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. எட்டுக்கு ஒன்றாகச் சுண்டக் காய்ச்சிய நெருஞ்சிற் குடிநீர், சலத்தைப் பெருக்குவதற்காகப் போற்றப்படுவது. கல்லடைப்பிலும் சல எரிவிலும் அக்குணம் பொருந்தலாம். வாயில் நெருக்கப்பட்ட சலப்பையிலோ, சலம் பெருகுவது சுமையைக் கூட்டக்கூடும். மூலிகை பாதையைத் திறக்கிறதா என்பதே இங்கு நிறுவப்பட வேண்டியது.

அதை நிறுவ இம்மாவட்டம் ஏற்ற களம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் சித்த மருத்துவத்தைக் கற்பிக்கிறது. நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. இரண்டும் கைகோத்து, நிறமும் கசப்பும் ஒத்த வெற்றுக் குடிநீரோடு ஒப்பிட்டு, சலத்தின் வேகம், கழித்தபின் எஞ்சும் அளவு, அடைப்பு நேர்ந்தோர் தொகை ஆகியவற்றை ஓராண்டேனும் அளக்க வேண்டும்.

அதுவரை முதற்பரிசோதனை வைத்தியசாலையிலேயே நடக்கட்டும். சலம் முற்றாக நின்றாலோ இரத்தம் கலந்தாலோ அன்றே அங்கு செல்ல வேண்டும். குடிநீர் குடிப்பவர் அதை டொக்டரிடமும், மாத்திரை எடுப்பவர் அதைச் சித்த வைத்தியரிடமும் சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்துக்கு நாம் செய்யக்கூடிய பெரிய மரியாதை, மாத்திரையிடம் கேட்கும் அதே சான்றை அதனிடமும் கேட்பதே.