பாரசீக வாக்கிய அமைப்பு: சிங்கப்பூர்த் தமிழர் நோக்கில்

பாரசீகம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் ஈரானியக் கிளையைச் சேர்ந்த மொழி. ஈரானில் ஃபார்சி, ஆப்கானிஸ்தானில் தரி, தாஜிகிஸ்தானில் தாஜிக் என்று வழங்குகிறது. தமிழோடு அதற்குப் பிறப்புறவு இல்லை. ஆனாலும் தமிழும் மலாயும் காதில் விழ வளர்ந்த சிங்கப்பூர்க்காரருக்கு அதன் இலக்கணம் பாதி பழகியதுதான். வாக்கியம் தமிழ்போல் நடக்கும். பெயர்த்தொடர் மலாய்போல் நடக்கும்.

வினை கடைசியில் வரும். 'மன் நான் மீகோரம்' என்றால் 'நான் ரொட்டி சாப்பிடுகிறேன்'. இங்கே 'மன்' தான் தன்மை ஒருமை; 'நான்' என்பது சிராங்கூன் சாலை உணவகங்களில் பனீரோடு கிடைக்கும் அதே நான். தெஹ்ரான் பேச்சில் அது 'நூன்' ஆகிவிடுவது நமக்கு ஒரு ஆறுதல். வினைவிகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் 'மன்' இல்லாமலும் பேசலாம். 'மீ' நிகழ்கால முன்னொட்டு: மீரவம் (போகிறேன்), மீரவீ (போகிறாய்). இறந்தகாலத்தில் அடியே மாறி 'ரஃப்தம்' (போனேன்) என்றாகும். இந்த இரண்டு அடிகளையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. பால் வேறுபாடு கிடையாது. அவனும் அவளும் 'ஊ' தான்.

செயப்படுபொருளுக்கு 'ரா' உருபு. 'நான் கோர்தம்' என்றால் ரொட்டி சாப்பிட்டேன். 'நான் ரா கோர்தம்' என்றால் குறிப்பிட்ட அந்த ரொட்டியைச் சாப்பிட்டேன். சோறு சாப்பிட்டதற்கும் சோற்றைச் சாப்பிட்டதற்கும் உள்ள வேறுபாடு தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். கூட்டுவினைகளும் அப்படியே. 'செய்' என்னும் பொருளுள்ள 'கர்தன்' நம் 'பண்ணு' போல எதோடும் ஒட்டும். வண்டியை நாம் பார்க் பண்ணுகிறோம். ஈரானியர் சொல்வது 'பார்க் கர்தன்'.

பெயர்த்தொடரில்தான் தமிழ் கைவிடுகிறது. பெயர் முன்னே, அடை பின்னே. இடையில் 'எ' என்ற இணைப்பொலி, அதன் பெயர் எஸாஃபே. சூடான நான் 'நானெ கர்ம்', என் புத்தகம் 'கெதாபெ மன்'. லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசார் இதே வரிசைதான்: ஜாலான் சாலை, புசார் பெரிய. மலாய்க்கு இணைப்பொலி தேவையில்லை, அவ்வளவே. 'ரா' தவிர, வேற்றுமைப் பொருள் தரும் சொற்களும் பெயருக்கு முன்னே போய்விடும்: 'பெ சங்காபூர்' சிங்கப்பூருக்கு, 'அஸ் சங்காபூர்' சிங்கப்பூரிலிருந்து. மலாயில் கெ, டாரி. உண்மையான தொல்லை எழுத்தில் இருக்கிறது. அரபு எழுத்தில் குறில் உயிர்கள் வழக்கமாக எழுதப்படுவதில்லை. எனவே எஸாஃபேயும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. பொருள் புரிந்த பிறகே அதைச் சேர்த்து வாசிக்க முடியும்.

சிங்கப்பூர்த் தமிழரிடம் பாரசீகம் பேச்சுமொழியாக வரவில்லை, சொற்களாக வந்தது. 1828-30இல் சூலியா முஸ்லிம்கள் தெலுக் ஆயர் தெருவில் கட்டிய நாகூர் தர்காவின் பெயரிலேயே பாரசீகச் சொல்லாக்கம் இருக்கிறது: 'தர்' வாசல், 'காஹ்' இடம். இந்த 'காஹ்' இன்றும் புதுச்சொல் ஆக்குகிறது. அறிவு என்னும் 'தானெஷ்' சேர்ந்தால் தானெஷ்காஹ், பல்கலைக்கழகம். இறங்குதலைக் குறிக்கும் 'ஃபொரூத்' சேர்ந்தால் ஃபொரூத்காஹ், சாங்கியில் இருப்பது போன்ற விமான நிலையம்.