சந்தோஷம் வருது, நிக்குதில்ல

பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மறுநுனியைக் காதில வைத்தால் மீன் பாடுறது கேட்கும் என்பார்கள். (பாடுறது மீனா மட்டியா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.) அந்தப் பாட்டைக் கேட்டும் உள்ளுக்குள்ள ஒன்றும் அசையாத ஆக்களும் இந்த வாவிக்கரையில் இருக்கிறார்கள். நாங்கள் எழுத வந்தது அவர்களைப் பற்றி.

"ஒண்டுலயும் மனம் ஒட்டுதில்ல" என்பார்கள். அழுகை வராது. அதனாலேயே அதை வருத்தமென்று யாரும் எண்ணுவதில்லை. 1896இல் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ இதற்கு 'அன்ஹெடோனியா' என்று பெயர் வைத்தார்: இன்பத்தை உணர முடியாமை. மனச்சோர்வு நோயின் இரண்டு முதன்மை அறிகுறிகளில் இது ஒன்று. மற்றது துயரம். துயரமே இல்லாமல் இது மட்டும் இருந்தாலும் நோயாக இருக்கலாம்.

1954இல் மொன்றியலில் ஒல்ட்ஸும் மில்னரும் எலியின் மூளைக்குள் மின்கம்பி வைத்தார்கள். எலி அந்த மின்சாரத்துக்காகத் திரும்பத் திரும்ப நெம்புகோலை அழுத்தியது. மனிதரின் மண்டையை அப்படித் திறக்க ஏலாதே! 1990இல் செய்ஜி ஒகாவா, இரத்தத்தில் ஒட்சிசன் மாறுவதை எம்ஆர்ஐயில் பார்க்கலாம் என்று காட்டியபின் வழி திறந்தது.

எங்களை நிறுத்தி வைத்தது 2009இல் வந்த விஸ்கொன்சின் ஆய்வு. மனச்சோர்வு உள்ள 27 பேர், இல்லாத 19 பேர். சந்தோஷமான படங்களைக் காட்டி, அந்த உணர்வைப் பெருக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். தொடக்கத்தில் இரு பகுதியாரின் மூளையிலும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதி விழித்தது. நேரம் போகப் போக, நோயுள்ளவர்களில் அது அடங்கியது. ஆக, சந்தோஷம் வராமல் இல்லை, நிக்குதில்ல. "மனசைத் தேற்று" என்று அதட்டுகிற எல்லாரும் இதைக் கேட்கவேண்டும்: அவர்களும் பிடித்து வைக்கத்தான் பார்த்தார்கள்.

ஆனால் இது கூட்டத்தின் சராசரி. ஒருவரை ஸ்கேனுக்குள் படுக்க வைத்து இவருக்கு இந்த நோய் என்று சொல்ல முடியாது. அதற்கு இன்னமும் கேள்விதான் வேணும், கேட்க ஆள் வேணும்.

எங்கள் ஊரில் அந்தக் கேள்வி எழாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல், செப்டம்பரில் சத்துருக்கொண்டான், 2004 டிசம்பரில் நாவலடியைக் கடல் கொண்டுபோனது. "எல்லாருக்கும்தானே" என்ற ஒரு சொல்லுக்குள் நோயும் துக்கமும் ஒன்றாய்க் கிடந்தன.

அந்தக் காலத்துக்குள்ளேயே, 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. யுத்தம் தொட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், விளையாடினார்கள். ஸ்கேன் எடுத்துத் தொடங்கியதல்ல அது. பெரியவர்களுக்கும் இதையொத்த சிகிச்சை இருக்கிறது: ஆசை வரட்டும் என்று காத்திராமல், முன்பு பிடித்த வேலையைச் சிறிதாய்ச் செய்யத் தொடங்குவது.

இரண்டு கிழமையாய் ஒருவர் வீச்சுவலையைத் தொடவில்லை, கூத்துப் பார்க்கவும் வரவில்லை என்றால், "என்ன, சோம்பலா?" என்று கேட்கவேண்டாம். "முந்தி மாதிரிப் பிடிக்குதாகா?" என்று கேளுங்கள்.