பழைய ஏடும் பண்ணைத் தொழிலாளியும்

பிணம் கிடக்கிறது, துப்பாக்கியும் கிடைத்துவிட்டது. "என் கையில்தான் வெடித்தது" என்று அவனே ஒப்புகிறான். கொலைகாரன் என்று கூற இன்னும் என்ன வேண்டும்? வேண்டும் என்கிறது ஆங்கில நாட்டுச் சட்டம். அவன் நெஞ்சில் இருந்தது என்ன என்று கேட்கிறது.

கொலைக்கு இலக்கணம் வகுத்தவர் 17ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் எட்வர்டு கோக். சித்தம் தெளிந்தவன், அறியும் பருவம் எய்தியவன், போர்க்களப் பகைவனல்லாத ஒரு மனிதனை, சட்டத்துக்கு மாறாக, முன்கூட்டிய வன்மத்துடன் கொல்வதே கொலை என்றார். அடிபட்டவன் ஓராண்டும் ஒரு நாளும் கழிந்தபின் இறந்தால் கொலையாகாது என்றொரு விதியும் உண்டு. 1996இல்தான் அது ஒழிந்தது! வன்மம் என்ற சொல்லைக் கண்டு மயங்கிவிடாதீர், தோழர்களே! நோயாளியின் துயர் பொறாது இரக்கத்தால் கொன்றவனும் அதற்குள் அடக்கம். கொல்லவோ கொடுங்காயம் விளைக்கவோ எண்ணினானா? அவ்வளவே கேள்வி.

ஆனால், அந்த எண்ணத்தை மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? 1762இல் மைக்கேல் ஃபாஸ்டர் எனும் நீதிபதி எழுதினார்: கொன்றது உறுதியானால் வன்மம் இருந்ததாகவே கொள்க, இல்லையெனில் கூண்டில் நிற்பவனே காட்டட்டும் என்று. மேதை எழுதினார், மற்றவர் ஓதினர். ஏடு சொல்லிவிட்டதல்லவா!

1934 டிசம்பரில் சிக்கினான் ரெஜினால்டு வுல்மிங்டன், 21 வயதுப் பண்ணைத் தொழிலாளி. பிரிந்து தாய்வீடு சென்ற மனைவியைத் தேடிப் போனான், திருடிய துப்பாக்கியின் குழலை அறுத்து மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு. அவள் மாண்டாள். "வராவிடில் என்னையே சுட்டுக்கொள்வேன் என மிரட்டவே எடுத்தேன், தவறி வெடித்தது" என்றான். நம்பத் தகுந்த கதையா? எனக்கு ஐயமே. டாண்டனில் கூடிய ஜூரிக்கும் ஐயம். முடிவு காணாமலே கலைந்தது. பிரிஸ்டல் மறுவிசாரணையிலோ நீதிபதி ஃபாஸ்டரின் விதியை எடுத்தோதினார். விபத்தென்று அவனே காட்டவேண்டும் என்றார். விளைவு, தூக்கு! அப்பீலும் தள்ளுபடி.

1935இல் வழக்கு பிரபுக்கள் சபைக்கு வந்தது. ஃபாஸ்டர் சொன்னது சட்டம்தானா என்றே ஆராய்ந்தனர். அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி! குற்றத்தை மெய்ப்பிக்கும் கடமை அரசினுடையது, எண்ணத்தை மெய்ப்பிப்பதும் அதனுள் அடக்கம், நியாயமான ஐயம் எஞ்சினால் விடுதலை என்று தீர்ப்பளித்தார் சான்கி பிரபு. பித்து என்று வாதிடுவோர்க்கும், தனிச்சட்டம் விலக்கியவற்றுக்கும் மட்டும் அது பொருந்தாது.

வுல்மிங்டன் வெளியே வந்தான். இடைப்பட்ட 173 ஆண்டுகளில், ஐயத்தின் பயன் மறுக்கப்பட்டுக் கயிற்றில் தொங்கியோர் எத்தனை பேரோ! குற்றவியல் அப்பீல் மன்றமே அந்நாட்டில் 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பிறந்தது.