மறதிநோயாளர் குடும்பங்களின் பணநெருக்கடி அளவீடு

மறதிநோயாளர் குடும்பங்களின் பணநெருக்கடி அளவீடு என்பது, டிமென்சியா எனப்படும் மறதிநோய் உள்ள ஒருவரைப் பராமரிப்பதால் அவரது குடும்பம் அடையும் பொருள் இழப்பைக் கணக்கிடும் முறைகளைக் குறிக்கும். இந்நோய் பல ஆண்டுகள் நீடிப்பது. மருந்துச் செலவைவிட, நோயாளரை விட்டு அகல முடியாத உறவினரின் உழைப்பே இதில் பெரும்பங்கு ஆகும். எனவே மருத்துவமனைப் பற்றுச்சீட்டுகளைக் கூட்டி இந்நோயின் செலவை அறிய இயலாது.

செலவின் கூறுகள்

ஆய்வாளர்கள் செலவை மருத்துவச் செலவு, கூலிக்கு அமர்த்தும் பராமரிப்பு, ஊதியமற்ற குடும்பப் பராமரிப்பு என மூன்றாகப் பிரிப்பர். உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீட்டின்படி 2019 ஆம் ஆண்டில் மறதிநோயின் உலகளாவிய செலவு 1.3 இலட்சம் கோடி அமெரிக்க டாலர். இதில் ஏறத்தாழ பாதி, குடும்பத்தினரின் ஊதியமற்ற உழைப்பின் மதிப்பாகும். அவ்வுழைப்பு நேரத்தில் சுமார் 70 விழுக்காடு பெண்களுடையது.

உழைப்பை மதிப்பிடுதல்

பராமரிப்பவர் இழந்த ஊதியத்தைக் கணக்கிடுவது ஒரு முறை. அதே பணிக்கு ஆள் அமர்த்தினால் கொடுக்க வேண்டிய கூலியைக் கணக்கிடுவது மற்றொரு முறை. முதல் முறையில், ஏற்கெனவே வேலைக்குச் செல்லாத மனைவியின் உழைப்பு மதிப்பற்றதாகிவிடும். இரண்டாவது முறை, அத்தகைய பணியாளர் கிடைக்காத ஊர்களில் வெறும் ஊகமாகவே அமையும்.

நேரத்தை அளப்பதும் எளிதன்று. சமைத்துக்கொண்டே தந்தை வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் மகளின் ஒரு மணி நேரம் எந்தக் கணக்கில் சேரும்? சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஆண்டர்சு விமோ குழுவினர் உருவாக்கிய வினாநிரல், குளிப்பாட்டுதல், உணவூட்டுதல் போன்ற உதவிகளையும், சமையல், கடைவேலை போன்றவற்றையும், கண்காணிப்பையும் தனித்தனியே கேட்கிறது.

பேரிடர்ச் செலவு எல்லை

குடும்பத்தின் மொத்தச் செலவில் 10 அல்லது 25 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்குச் சென்றால் அது பேரிடர்ச் செலவு என்பது, ஐக்கிய நாடுகள் அவையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் முதலில் வகுக்கப்பட்ட அளவுகோல். மறதிநோய்க்கு இது சரிவரப் பொருந்துவதில்லை. எடுத்துக்காட்டாக, மாதம் 20,000 ரூபாய் செலவிடும் ஒரு குடும்பத்தில், மாமியாரைப் பார்த்துக்கொள்வதற்காக மருமகள் 9,000 ரூபாய் ஊதிய வேலையை விட்டுவிடுகிறார் எனக் கொள்வோம். வீட்டுச் செலவு 12,000 ரூபாயாகச் சுருங்குகிறது. மருந்துக்கு 1,000 ரூபாய் ஆகிறது. இது 8.3 விழுக்காடுதான். ஆகவே இக்குடும்பம் எல்லைக்குள்ளேயே இருக்கும்; இழந்த 9,000 ரூபாய் கணக்கில் வராது. பணமின்றி மருத்துவரிடம் செல்வதையே நிறுத்திய குடும்பத்தின் செலவோ சுழியமாகப் பதிவாகும்.

பராமரிப்பவரின் சுமையை அளக்க 1980 இல் சாரிட் குழுவினர் உருவாக்கிய நேர்காணல் பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் அதன் 22 வினாக் கொண்ட வடிவில், பணம் போதவில்லை எனக் கருதுகிறீர்களா என்பது ஒரே ஒரு வினா. மொத்தப் புள்ளிகள் 88 இல் அதற்குரியவை 4. ஆகையால் மொத்தப் புள்ளியை மட்டும் கொண்டு பணநெருக்கடியை முடிவுசெய்வது தவறாகும். கடன், நகை அடகு, நில விற்பனை, பிள்ளைகளின் படிப்பு நின்றமை ஆகியவற்றைத் தனியே கேட்டறிய வேண்டும்.

இந்தியாவில்

1998 இல் கொச்சியில் தோன்றிய 10/66 மறதிநோய் ஆய்வுக்குழு, வளரும் நாடுகளில் இந்நோயை ஆராய்ந்தது. சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்களுள் அடங்கும். வளரும் நாடுகள் பலவற்றில் நடத்தி 2004 இல் வெளியிட்ட முன்னோடி ஆய்வில், பராமரிப்பவர் பலர் தம் வேலையைக் குறைத்துக்கொண்டதும், ஏழை நாடுகளின் குடும்பங்களே செலவு மிக்க தனியார் மருத்துவத்தை அதிகம் நாடியதும் தெரியவந்தன.

2013 இல் வெளியான ஒரு மதிப்பீடு, நோயின் கடுமையைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் ஆண்டுச் செலவை நகரங்களில் 45,600 முதல் 2,02,450 ரூபாய் வரை எனவும், சிற்றூர்களில் 20,300 முதல் 66,025 ரூபாய் வரை எனவும் கணித்தது. சிற்றூர்த் தொகை குறைவாக இருப்பதால் அங்கே சுமை குறைவு எனக் கொள்ளலாகாது. விலைக்கு வாங்கச் சேவையே இல்லாத இடத்தில் செலவும் பதிவாவதில்லை.

2024 இல் ஆயுசுமான் பாரத் திட்டம் 70 அகவை கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. 5 இலட்சம் ரூபாய் வரையிலான அக்காப்பீடு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உரியது. வீட்டுப் பராமரிப்பு அதில் அடங்காது.